விரலை நம்பிச் செய்த வேலை

எங்கள் முதலாளி நாகேந்திரன் வாளிக்குக் கைப்பிடி செய்தவர். வாளி செய்தவர் அல்ல. வாளியை வேறு யாரோ செய்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்போது பாதி மனைகளில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியில் தொழிலதிபர்கள் உருவாகிக்கொண்டிருந்தார்கள். 1967-இல் அவர் ஒரு ஃபியட் கார் வாங்கினார். வாங்கிய மூன்றாம் மாதம் ‘மேற்குச் சென்னை மோட்டார் விளையாட்டு ஊக்குவிப்புக் கழகம்’ உதயமாயிற்று. தலைவர் அவரே. உறுப்பினர்கள் நால்வர். நால்வருக்கும் சேர்த்து மூன்று கார், ஓடுவது இரண்டு. செயலாளர் நான். என்னிடம் சைக்கிள் இருந்தது.

என்னைக் கம்பெனியில் டைப் அடிக்க வைத்திருந்தார்கள். கழகம் வந்தபின் வரவேற்புரை, நன்றியுரை, தீர்மானம் எல்லாம் என் தலையில் விழுந்தன. எனக்கு நல்ல தமிழ் வரும் என்று எஸ்டேட்டில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவர்களை விட நான் அதிகமாக நம்பினேன்.

கழகத்தின் நோக்கம் ‘இளைஞர்களிடையே வேக உணர்வை வளர்த்தல்’ என்று விதிமுறைகளில் இருந்தது. உண்மை நோக்கம் ஐயப்பன்தாங்கலில் குடியிருந்தது. முதலாளியின் சகலை உத்தமனிடமும் அதே ஃபியட், அதே வருஷத்து வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி ரோட்டில் உத்தமன் இவரை ஹாரன் அடித்து முந்திப் போய்விட்டார். அந்தக் காரின் பின்சீட்டில் இருவருக்கும் பொதுவான மாமியார் உட்கார்ந்திருந்தார். மாமியார் திரும்பிப் பார்த்துச் சிரித்ததாக முதலாளி சொன்னார். ஒரு கழகம் தொடங்குவதற்கு அது போதாதா?

அப்படித்தான் நாங்கள் தசரதனிடம் போனோம்.

வேலப்பன்சாவடியில் ரோட்டோரமாகத் தகரக் கூரை போட்ட ஷெட் அவனுடையது. கோவில்பதாகையில் கழனி வேலை செய்த குடும்பம். இவன் ஆவடியில் மிலிட்டரி வண்டிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றவன். முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு குறைவு. ஃபியட்டின் பானெட்டைத் திறந்து, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“பவர் கூடணும்,” என்றார் முதலாளி. “எவ்வளவு கூடும்?”

“பெரிய இன்ஜின் மாத்தலாமே மொதலாளி.”

“இதே இன்ஜின். கழக விதி.” அப்படி ஒரு விதி இருப்பது செயலாளரான எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தசரதன் இடது கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டான். “இது தானா மூச்சு இய்க்கிற சாதி மொதலாளி. நாம உள்ள ஊத முடியாது. மூக்க வேணா தொறந்து உடலாம். காத்து நெறிய பூந்துச்சுன்னா பெட்ரோலு நெறிய எரியும். அவ்ளோதான் வெசயம்.”

ஹெட்டைக் கழற்றினான். இன்ஜினின் தலைமேல் உட்காரும் அந்த அலுமினியக் கட்டிக்குள்தான் காற்று போகும் வழிகள் இருக்கின்றன. வார்ப்பில் வந்த மேடும் பள்ளமுமாக, கரடுமுரடாக இருக்கும். அவற்றைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு இழைத்து, கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். வால்வு உட்காரும் விளிம்பைச் சீர் பண்ண வேண்டும். ஹெட்டின் அடிப்பாகத்தை லேசாகச் சீவிவிட்டால் இன்ஜின் காற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இவ்வளவையும் அவன் அளவுகோல் இல்லாமல் செய்தான். வலது கை சுண்டுவிரலை மண்ணெண்ணெயில் நனைத்து, காற்று வழிக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொள்வான். விரல் உள்ளே மெதுவாகத் திரும்பும். பிறகு வெளியே வரும். சுரண்டுவான். மறுபடி விரல்.

“கேஜ் கிடையாதா?” என்றார் முதலாளி.

“வெரலுதான் கேஜு.”

மத்தியானம் அவன் மனைவி கன்னியம்மாள் சோறு கொண்டுவந்தாள். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு நாலு பர்லாங்குதான். அந்த நாலு பர்லாங்கில் மூன்று இடத்தில் உட்காருவாள். அடிபம்பு மேடை, மைல்கல், மதகுக் கட்டை. அதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். ஷெட்டுக்கு வந்ததும் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, வாயைத் திறந்து, மீன் மாதிரி கொஞ்ச நேரம் இருப்பாள். மூச்சு வந்ததும் வாயும் வந்துவிடும்.

“இன்னாய்யா, பணக்காரன் காருக்கு மூக்கு தொறக்கிறியாமே? அப்டியே எனக்கும் ஒரு கை சொரண்டி உடேன்.”

“தே, மொதலாளி கீறாரு.”

“கீறட்டுமே. அவரு வண்டி ஓடலன்னா தள்ள நாலு பேரு கீறான். என் வண்டியத் தள்ள யாரு கீறா?”

முதலாளி இதை ரசிக்கவில்லை. நான் ரசித்தேன், சத்தம் வராமல்.

ஒரு வாரத்தில் கார் தயாரானது. அடுத்த ஞாயிறு, உத்தமன் ரோட்டுக்கு வரும் நேரத்தை விசாரித்துவைத்து, முதலாளி அவரைப் பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் முந்தினார். மாமியார் இந்தத் தடவையும் பின்சீட்டில் இருந்தார் என்பதை உறுதிசெய்துகொண்டுதான் ஹாரன் அடித்தார். அன்று மாலை கழகக் கூட்டம். ‘மோட்டார் வரலாற்றில் ஒரு பொன்னாள்’ என்று நான் எழுதிக்கொடுத்ததை அவர் நின்றுகொண்டு படித்தார். தசரதனுக்கு ஒரு சால்வை. அவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனான். கன்னியம்மாள் அதை மடித்து, இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாயும்போது முதுகுக்கு வைத்துக்கொண்டாள்.

ஜனவரியில் அவளைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எழுதப் படிக்க ஆள் வேண்டும் என்று தசரதன் என்னையும் கூப்பிட்டான். என்னை அவன் ‘டைப்பு சார்’ என்பான்.

பெரிய டாக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு டஜன் வெள்ளைக் கோட்டு வந்தது. ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கு அந்த ஊர்வலம் நகர்வதைப் பார்த்தால் சாமி புறப்பாடு தோற்றுவிடும். ஆனால் மனுஷன் நல்லவர். கன்னியம்மாளின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, தசரதனிடம் திரும்பினார்.

“என்ன வேலை பார்க்கறே?”

“மெக்கானிக்குங்க.”

டாக்டரின் முகம் மலர்ந்தது. படிக்காதவனுக்குப் புரியவைக்க ஓர் உவமை கிடைத்துவிட்டால் படித்தவனுக்கு வருகிற சந்தோஷம் தனி. “அப்ப உனக்குச் சுலபமாப் புரியும். இவ இதயத்துல ஒரு வால்வு ஒட்டிக்கிச்சு. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல வந்தது. ரத்தம் போகற வழி இவ்வளவு இருக்கணும். இவளுக்கு இவ்வளவுதான் இருக்கு. மார்பைத் திறந்து, இந்த விரலை உள்ளே விட்டு, ஒட்டினதைப் பிரிச்சு விடுவேன்.”

“உள்ள கண்ணுக்குத் தெரியுங்களா?”

“தெரியாது. விரலுக்குத் தெரியும்.”

தசரதன் டாக்டருடைய ஆள்காட்டி விரலையே பார்த்தான். “அளவு கொஞ்சம் மீறிப்போச்சுன்னா?”

“ஒழுகும். மீறாது. நான் நூத்துக்கணக்கில பண்ணியிருக்கேன்.”

“அத்தான் சார்!” என்று தசரதன் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்திவிட்டான். “நம்ம வேலயும் அதே தான் சார்! வெரலுதான் கேஜு!”

வெள்ளைக் கோட்டுகள் சிரித்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்த வேம்புலியம்மாளும் சிரித்தாள். நசரத்பேட்டைக்காரி, கன்னியம்மாளுக்கு உள்ள அதே வியாதி, அதே டாக்டர். இரண்டு பேரும் ஒரே நாளில் சிநேகமாகிவிட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் ஆடியில் வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, திருவேற்காடு வரைக்கும் உட்காராமல் நடந்து அம்மனுக்குப் பால்குடம் எடுப்பது என்று இருவரும் வேண்டிக்கொண்டார்கள். ‘உட்காராமல்’ என்பதுதான் வேண்டுதலில் முக்கியம்.

மார்ச் முதல் வாரம் சேர வேண்டும். அன்று புருஷன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நெஞ்சு அவளுடையது. கையெழுத்து மட்டும் அவனுடையதாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஃபாரம்.

பிப்ரவரியில் சோழவரத்தில் கார்ப் பந்தயம். உத்தமனும் பெயர் கொடுத்திருந்தார். அவர் காருக்கு இரண்டு கார்பரேட்டர் போட்டுவிட்டார் என்று ஒரு செய்தி வந்தது. முதலாளி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஷெட்டில் நின்றார்.

“இன்னும் பெரிசு பண்ணு.”

தசரதன் ஹெட்டைத் திருப்பி, சுண்டுவிரலை விட்டுக் காட்டினான். “இதுக்கு மேல தோலுதான் மொதலாளி. தோலுக்கு அந்தாண்ட இன்ஜின ஆத்துற தண்ணி ஓடுது. கீஞ்சுபோச்சுன்னா தண்ணி உள்ள எறங்கிரும்.”

“ஒரு இழை எடு.”

எடுத்தான். முதலாளி குனிந்து பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரிந்ததோ. “இன்னும் ஒரு இழை.”

“வாணாம் மொதலாளி. சொல்ட்டேன்.”

முதலாளி தோளில் கை போட்டார். வாளிக் கைப்பிடி ஆர்டர் பிடிக்கும்போது போடும் அதே கை. “தசரதா, எனக்கு எந்த கேஜ் மேலயும் நம்பிக்கை இல்லைடா. உன் விரல் மேலதான் நம்பிக்கை.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். தசரதனுக்குக் காது சிவந்தது. அவன் பிறந்ததிலிருந்து ஒரு முதலாளி அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. விரலை நனைத்தான். கண்ணை மூடினான். இன்னும் ஒரு இழை எடுத்தான்.

சோழவரத்தில் முதலாளி வெள்ளை உடுப்பு, தோல் கையுறை, கண்ணாடி சகிதம் இறங்கினார். முதல் இரண்டு சுற்று அவரே முன்னால். மூன்றாவது சுற்றில் கார் வெள்ளையாகப் புகை விட்டது. திருஷ்டி கழிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கார் இருமி, குலுங்கி, எங்கள் கண்ணெதிரே நின்றது. உத்தமன் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். தலைவரையும் காரையும் நானும் இன்னும் மூன்று பேரும் ஓரத்துக்குத் தள்ளினோம். தலைவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

ஷெட்டில் ஹெட்டைக் கழற்றினான் தசரதன். சுண்டுவிரலை விட்டான். விரல்நுனி தண்ணீர் ஓடும் பக்கம் எட்டிப் பார்த்தது. பருப்பு அளவுக்கு ஓட்டை. விரலை வெளியே எடுக்காமல் வெகுநேரம் அப்படியே குந்தியிருந்தான்.

கழகத்தின் அவசரக் கூட்டம் கூடியது. விபத்துக்குக் காரணம் கண்டறிய வேண்டும். காரணம் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியால் வேறொன்று தேவைப்பட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். “மெக்கானிக் அளவில்லாமல் வேலை செய்தான் என்று போடு. கொஞ்சம் கனமாகப் போடு.”

போட்டேன். ‘உரிய அளவுகோல் எதுவுமின்றி, விரலை நம்பி மேற்கொள்ளப்படும் எப்பணியும் அழிவிலேயே முடியும் என்பதை இக்கழகம் ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறது.’ அடித்து முடித்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. விதிப்படி ஒரு நகல் தசரதனுக்கும் போயிற்று.

மூன்றாம் நாள் அவன் கம்பெனி வாசலுக்கு வந்தான். நகல் சட்டைப் பையில் நாலாக மடிந்திருந்தது.

“டைப்பு சார், எய்த்து கூட்டித்தான் படிச்சேன். சரியாப் பிரியல. நீயே படி.”

படித்தேன். என் குரலில் அது கூட்டத்தில் ஒலித்ததைப்போல் ஒலிக்கவில்லை.

“இத்த நீயா எய்தின, மொதலாளியா?”

“முதலாளி சொன்னார். நான் எழுதினேன்.”

“சோக்கா கீது,” என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அவன் நிஜமாகவே அதை ஏற்றுக்கொண்டிருந்தான். காகிதத்தை வாங்கி அதே மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டு போனான்.

மார்ச்சில் ஆஸ்பத்திரி. கன்னியம்மாள் தலைவாரிப் பூ வைத்திருந்தாள். வேம்புலியம்மாள் முதல் நாளே வந்து சேர்ந்து, இவளுக்குப் பக்கத்துக் கட்டிலைப் பிடித்துவைத்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய படிவம் இங்கிலீஷில் இருந்தது. நான் படித்து அர்த்தம் சொன்னேன். தசரதன் பேனாவை வாங்கினான். பிறகு டாக்டரிடம் கேட்டான்.

“வெரலுலதான் செய்வீங்களா சார்? வேற மிசினு எதனா இல்லியா?”

“போன தடவையே சொன்னேனேப்பா. விரல்தான்.”

தசரதன் பேனாவை மேஜைமேல் வைத்தான். “வாணாம் சார்.”

டாக்டருக்குக் கோபம் வந்தது. ஊர்வலம் காத்திருந்தது. “இப்படியே விட்டா எத்தனை நாளுன்னு சொல்ல முடியாது, தெரியுமா?”

“இப்ப மூச்சு வுட்டுகினு கீறா சார். கீறி உட்டு, ஒயுகிப்போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? காருன்னா வேற ஹெட்டு வாங்கிப் போடலாம்.”

கன்னியம்மாள் கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். நாலு எட்டுத்தான். அதற்கே இரைத்தது. “யோவ், அது காரு இல்லய்யா. என் நெஞ்சு. நான் சொல்றேன், போடு.”

“தே, உனக்குத் தெரியாதுமே. நான் கைய உட்டுப் பார்த்தவன்.”

“நீ கவுத்தன்னா அவரும் கவுப்பாரா? அவரு டாக்டருய்யா!”

“நானும் மீறாதுன்னுதாமே நெனச்சேன்.”

அப்போதுதான் என் வாய் திறந்தது. அவனை வராந்தாவுக்கு இழுத்துப்போனேன். “தசரதா, நான் எழுதினது பொய்யப்பா. நீ வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னே. அந்த ஆள்தான் எடு எடுன்னான். உன் விரல் சரியாத்தான் சொல்லிச்சு. நான் அங்கேயே நின்னேன்.”

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். “பொய்யின்னா ஓட்ட எப்டி சார் வந்துச்சு?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் பத்து நாளைக்கு முன், கூட்டத்தில், எழுத்தில் வந்திருக்க வேண்டிய பதில். வராந்தாவில் காதோடு சொன்ன என் உண்மையை விட, முத்திரை குத்திய என் பொய்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. எழுத்தில் வந்ததை நம்பும் மரியாதைக்காரன்.

மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் கன்னியம்மாள். பஸ் அமைந்தகரையைத் தாண்டியது. பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். “வேம்புலி தனியா நடக்கப்போறா.”

மே மாதம், கத்திரி வெயில். மத்தியானம் அவள் வழக்கம்போல் தூக்குச்சட்டியோடு புறப்பட்டாள். அடிபம்பு மேடையில் உட்கார்ந்ததைத் தண்ணீர் அடித்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அடுத்து மைல்கல்லில் உட்கார்ந்தாள். ஷெட்டிலிருந்து பார்த்தால் மைல்கல் நன்றாகத் தெரியும். தசரதன் ஒரு வேனுக்கு அடியிலிருந்து எழுந்து பார்த்தான், உட்கார்ந்திருந்தாள். பாவம், ஆறட்டும் என்று மறுபடி படுத்தான். லாரிக்காரர்கள் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் பார்த்தார். அவள் எப்போதும் உட்காரும் இடம் என்பதால் யாரும் கிட்டே போகவில்லை. வேனில் ஒரு போல்ட் முறுக்கி, இன்னொரு போல்ட் முறுக்கி, மறுபடி எழுந்து பார்த்தபோதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தூக்குச்சட்டி மடியில் நேராக இருந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை.

முதலாளி காரை அனுப்பினார். புது ஹெட் போட்ட கார், நன்றாக ஓடியது. வேண்டியிருக்கவில்லை. கழகத்தின் சார்பில் இரங்கல் தீர்மானம் ஒன்று போட வேண்டும் என்றார். ‘கன்னியம்மாள் இறந்தார்’ என்று ஒரு வரி அடித்துக் கொடுத்தேன். கொஞ்சம் கனமாகப் போடு என்று திருப்பி அனுப்பினார். நான் போடவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தக் கம்பெனியில் அதிக நாள் இல்லை. கழகமும் இல்லை, மாமியார் பெங்களூரில் மூன்றாவது மகளோடு போய் இருந்துவிட்டார்.

ஆடி மூன்றாவது ஞாயிறு நான் தசரதனைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் இப்போது பஞ்சர் ஒட்டினான், பிரேக் சரி செய்தான். ஹெட்டைத் திறக்கும் வேலை வந்தால் பூந்தமல்லிக்குக் கைகாட்டிவிடுவான். பேசிக்கொண்டிருக்கும்போது பஸ் நின்றது. மஞ்சள் சேலை, தலையில் பால்குடம். வேம்புலியம்மாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஷெட்டை விசாரித்து வந்திருக்கிறாள்.

“இன்னா அண்ணாத்தே, எங்க உன் ஊட்டுக்காரி? கூட வரேன்னு சொன்னாளே. கூட்டிகினு போலாம்னு வந்தேன்.”

தசரதன் எழுந்து நின்றான். டயரைத் துடைத்து, “குந்து,” என்றான்.

“குந்தக் கூடாது. வேண்டுதல். இன்னும் ஆபுரேசன் பண்ணிக்கலியா அவ? சொல்லு அண்ணாத்தே, இத்தப் பாரு.” நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். “பஸ்ஸப் புடிக்க ஓடியாந்தேன்னா பாத்துக்கோயேன்.”

“அவ இல்லமா,” என்றான் தசரதன்.

 பால்குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழ ஆரம்பித்தால் குடம் ஆடும் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தசரதன்தான் கேட்டான்.

“வலிச்சுதா?”

“மயக்கத்துல கெடந்தேன். எனக்கின்னா தெரியும்?” பிறகு, அவன் முகத்தைப் பார்த்து, “கொஞ்ச நேரந்தான்னு நர்சம்மா சொன்னாங்க,” என்றாள்.

“ஒயுகலியே?”

“இன்னாது?”

“ஒண்ணுமில்ல. நீ போமா. பாலு திரிஞ்சுரப்போவுது.”

அவள் ரோட்டுக்கு இறங்கி நடந்தாள். தசரதன் ஷெட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நானும் பார்த்தேன். மதகுக் கட்டை வந்தது, தாண்டினாள். மைல்கல் வந்தது. அங்கே அவள் கால் ஒரு கணம் தயங்கியது போல் இருந்தது. தசரதன் கம்பத்தை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வைத்தான். ஒரு லாரி போவதற்காக ஒதுங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். லாரி போனதும் நடந்தாள். அடிபம்பு மேடையையும் தாண்டினாள். உட்காரவில்லை.